போர்டு இல்லாத கடையும் எங்கட வில்லாவும்

திருகோணமலை பஸ் ஸ்டாண்டில இறங்கி டச் பே பக்கமா நடந்து வந்தீங்களெண்டா, கடல் காத்து முகத்தில அடிக்கத் தொடங்கிற இடத்தில ஒரு சின்னக் கடை இருக்கு, போர்டு இல்ல. முந்தி இருந்தது. 2020 டிசம்பர்ல புரெவிப் புயல் வந்த இரவு காத்து தூக்கிக்கொண்டு போட்டுது, பிறகு கடைக்கார அண்ணை புதுசா ஒண்டு எழுதுவிக்கேல்ல, "வாறவனுக்குத் தெரியும்தானே தம்பி" எண்டு மட்டும் சொல்லுவார். அதால நானும் பேர் இல்லாமத்தான் எழுதுறன். கண்டுபிடிக்கிறது கஷ்டமில்ல, பழைய நீலக் கதவு, பின்னேரத்தில மரக்கறித் தோலுக்கு மான் ரெண்டு மூண்டு வாசல்ல வந்து நிக்கும், உள்ளுக்க ஒரு டீவி, அதில எந்த நேரமும் ஃபுட்போல்.

முதல்ல சாப்பாட்டைச் சொல்லுறன், கன பேர் அதுக்குத்தான் கேக்கிறீங்கள். இஞ்சி பிளேன்டீ எடுங்கோ. கிளாசில சீனி போட்டுத் தராயினம், பனங்கட்டித் துண்டு ஒண்டு பக்கத்தில வைப்பினம், கடிச்சுக் கடிச்சுக் குடிக்க வேணும். கொத்தில கணவாய் கொத்து மட்டும்தான் நான் ஆருக்கும் தைரியமாச் சொல்லுவன், கணவாய் அண்டண்டைக்கு வாறது, ரப்பர் மாதிரி இழுபடாது, ரொட்டியைப் பெருசா வெட்டி கறிக்குழம்பு கொஞ்சம் கூட விட்டுக் கொத்துறபடியால் காய்ஞ்சும் போகாது. கோழிக் கொத்து சுமார், அது எங்கயும் கிடைக்கிற கோழிக் கொத்துத்தான். காலமையில போனா இடியப்பம், சொதி, கட்டாச் சம்பல், அது எட்டரைக்குள்ள முடிஞ்சிடும். மீன் ரோல்ஸ் பின்னேரம் நாலு மணிக்கு இறங்கும், அப்பவே வேண்டிச் சாப்பிடுங்கோ, ஆறு மணிக்கு வேண்டினா அந்த மொறுமொறுப்பு இருக்காது. காசு எண்டு பாத்தா உப்புவெளி பீச் பக்கம் வெள்ளைக்காரருக்கு விக்கிற விலையில அரைவாசியும் வராது.

ஆனா நான் இந்தக் கடைக்குப் போறது சாப்பாட்டுக்கு மட்டுமில்ல. பதினைஞ்சு வருசமாப் போறன், அதில பத்து வருசம் மாதிரி எனக்கு ஃபுட்போலில நல்ல செய்தி எண்டு பெருசா ஒண்டும் கிடைக்கேல்ல, அந்தப் பத்து வருசமும் எனக்கு இருக்க ஒரு கதிரை தந்த இடம் இது. அதால இந்த ரிவ்யூ கொஞ்சம் நீளம், ஆஸ்டன் வில்லா எண்ட இங்கிலாந்து ஃபுட்போல் கிளப்பும் வரும், பிடிக்காத ஆக்கள் இந்த இடத்தோட நிப்பாட்டிப்போட்டு கணவாய் கொத்தைச் சாப்பிடப் போகலாம்.

எங்கட ஊர்ல ஆரைக் கேட்டாலும் மன்செஸ்டர் யுனைட்டட், லிவர்பூல், ஆசனல், செல்சி, இந்த நாலுதான். நான் வில்லா. மாமா ஒருத்தர் பேர்மிங்ஹாம்ல இருந்தவர், 2009 இல வந்தபோது ஒரு ஜெர்சி கொண்டு வந்தவர், உடம்பு கடும் சிவப்பு, கை வெளிர் நீலம், அந்த நிறத்தைக் கண்ட உடனயே முடிஞ்சுது. எனக்கு அப்ப பன்னிரண்டு வயசு. அந்த நேரம் வில்லா ஒண்டும் மோசமான டீமில்ல, மார்ட்டின் ஓநீல் மனேஜராய் இருந்து 2008, 2009, 2010 எண்டு மூண்டு சீசன் தொடர்ந்து மேல் லீக்கில ஆறாம் இடம். இனி நாலாம் இடம், அடுத்தது ஐரோப்பாவின்ர பெரிய கிளப்புகள் மோதிற சம்பியன்ஸ் லீக் எண்டு நினைச்சுக்கொண்டு இருக்க, 2010 ஓகஸ்ட் 9, சீசன் தொடங்க அஞ்சு நாள் கிடக்க, ஓநீல் விட்டிட்டுப் போட்டார். அந்த நாளில இருந்துதான் சரிவு எண்டு நான் கணக்கு வைக்கிறன்.

ஏன் சரிஞ்சது எண்டதுக்கு ஆக்கள் ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்லுவினம், என்ட அபிப்பிராயம் இது. ரண்டி லேனர் எண்ட அமெரிக்கன் 2006 இல கிளப்பை வேண்டி முதல் நாலு வருசம் நல்லாச் செலவழிச்சவர், பிறகு கைய இறுக்கிப்போட்டார். கைய இறுக்கிறது பிழையில்ல, ஆனா ஒவ்வொரு வருசமும் இருக்கிறதில நல்ல ஆளைப் பாத்து வித்தால் மிச்சம் என்ன இருக்கும். 2009 இல பரி, 2010 இல மில்னர், 2011 இல ஒரே நேரத்தில அஷ்லி யங்கும் டவுனிங்கும். அதோட பக்கத்துப் பரம எதிரி பேர்மிங்ஹாம் சிற்றி கீழ லீக்குக்கு விழுந்த கையோட அவேன்ட மனேஜர் அலெக்ஸ் மக்லீஷையே கூட்டி வந்தவங்கள், ரசிகர்மார் கிரவுண்ட் வாசல்ல நிண்டு எதிர்ப்புக் காட்டினவை, கேக்கேல்ல. அந்த வருசம் 16 ஆம் இடம். அதே சீசன்ல கப்டன் ஸ்டிலியன் பெட்ரோவுக்கு லுக்கேமியா, இரத்தப் புற்றுநோய், எண்டு தெரிய வந்தது, அவர்ட நம்பர் 19, அதுக்குப் பிறகு கன காலம் ஒவ்வொரு மேட்ச்லயும் 19 ஆம் நிமிசம் முழு மைதானமும் எழும்பிக் கைதட்டும். கடையில நானும் தட்டுவன். முதல்ல எல்லாரும் திரும்பிப் பாத்தவை, காரணத்தைச் சொன்ன பிறகு அடுத்த கிழமை அண்ணையும் கொத்துத் தகட்டைக் கீழ வச்சிட்டுத் தட்டினவர். பெட்ரோவ் சுகமாகி வந்திட்டார் எண்டது அந்தப் பத்து வருசத்தில கிடைச்ச நல்ல செய்தியளில ஒண்டு.

2012 டிசம்பர் 23, செல்சியிட்ட 8-0. அந்த ஸ்கோரை நான் திரும்ப எழுதவே விரும்பேல்ல, ஆனா கடையில நடந்ததுக்காக எழுத வேணும். அஞ்சாவது கோலுக்குப் பிறகு செல்சிப் பெடியள் மேசையில அடிச்சுக் கத்தத் தொடங்க, அண்ணை ஒண்டும் கதைக்கேல்ல, ஒரு பிளேன்டீ கொண்டு வந்து எனக்கு முன்னால வச்சார், காசு எடுக்கேல்ல. அவர் அந்தக் காலத்தில ஏகாம்பரம் மைதானத்தில கோல் காத்த ஆள், எட்டு வாங்கினவன்ட நிலைமை தெரியும். அடுத்த மாசம் லீக் கப் அரையிறுதியில நாலாம் டிவிசன் டீம் பிரட்ஃபோர்ட் எங்கள வெளியில போட்டுது. அப்பவும் ஒரு பிளேன்டீ.

இப்ப கடையைப் பற்றியும் உண்மையைச் சொல்ல வேணும். 2014 க்குப் பிறகு கடையும் நல்லா இருக்கேல்ல. ரொட்டி போட்டுக்கொண்டிருந்த கைதேர்ந்த குசினிக்காரர் கட்டாருக்குப் போட்டார், அண்ணை காசு கடன் எண்டு வெளியில ஓடித் திரிஞ்சவர், ரொட்டிக் கல்லுக்குப் பக்கத்தில நிண்ட புதுப் பெடியனுக்கு மாப் பிசையவே ஆரும் வடிவாச் சொல்லிக் குடுக்கேல்ல. ரொட்டி தோல் மாதிரி, குழம்பு தண்ணி, மேசை பிசுபிசுப்பு, ஃபான் ரெண்டில ஒண்டு சுத்தாது. டூரிஸ்ட் ஆக்கள் கூட வரத் தொடங்க ஊர்ல புதுசு புதுசாக் கடையள் திறந்தாச்சு, ஏசி போட்டது, பெரிய ஸ்கிரீன் போட்டது. என்ட சிநேகிதங்கள் எல்லாரும் அங்க போட்டாங்கள். நானும் ஒருக்காப் போய்ப் பாத்தனான், வில்லா மேட்ச் போடச் சொல்லிக் கேட்டா "அத ஆர் பாக்கிறது" எண்டு சொல்லி மாத்தமாட்டன் எண்டிட்டினம். திரும்பி இங்கயே வந்திட்டன். ரொட்டி மோசம், ஆனா ரிமோட் என்ட கையில.

2015-16 சீசன். லீக் தொடங்க முதலே பெண்டெக்கே லிவர்பூலுக்கு, டெல்ஃப் மன்செஸ்டர் சிற்றிக்கு. மனேஜர் டிம் ஷேர்வுட் போய், ரெமி கார்ட் வந்து, அவரும் போய். முழு சீசன்லயும் மூண்டே மூண்டு வெற்றி, 17 புள்ளி. பெப்ரவரி 14 வில்லா பார்க்கில லிவர்பூல் வந்து 6-0. முடிஞ்சது ஏப்ரல் 16, ஓல்ட் டிரஃபோர்ட்ல மன்செஸ்டர் யுனைட்டட்டிட்ட 1-0, ரஷ்ஃபோர்ட் அடிச்ச கோல், அதோட கீழ லீக்குக்கு விழுந்தம். இங்க வருசப் பிறப்பு முடிஞ்ச கிழமை, கடைக்கார அக்கா தான் வீட்டில சுட்ட பயத்தம் பணியாரம் தட்டில போட்டு எல்லாருக்கும் குடுத்துக்கொண்டிருந்தவ, எனக்கும் ரெண்டு, கையில வச்சுக்கொண்டே இருந்தனான், தொண்டையால இறங்கேல்ல. 1988 இல இருந்து ஒரு வருசமும் விடாம மேல் லீக்கில நிண்ட டீம், பிரீமியர் லீக் 1992 இல தொடங்கின நாளில இருந்து இருந்த டீம், 1874 இல தொடங்கின கிளப், 1982 இல ஐரோப்பாவையே வெண்ட கிளப். ஆனா அந்த இரவு ஆச்சரியம் எண்டு ஒண்டும் இருக்கேல்ல, அதுதான் கூட நோவு. வருத்தக்காரர் கன நாள் கட்டில்ல கிடந்து போனால் வீட்டில அழுகை மெல்லமாத்தான் வரும், அப்பிடி.

கீழ லீக்கில இருந்த மூண்டு வருசமும் எங்கட டீவியில வில்லா இல்ல. ஃபோன்ல லைவ் ஸ்கோர். சனிக்கிழமை இரவு ஏழரைக்கு, குளிர்கால நேரம் மாறினா எட்டரைக்கு, தூணடியில இருந்து டேட்டா ரீலோட் பண்ணிக்கொண்டு அந்தச் சின்ன நம்பர் மாறுதா மாறுதா எண்டு பாத்துக்கொண்டிருப்பன். என்னோட இன்னொராள் இருந்தவர், அவரைச் சொல்லாம இந்தக் கடையைப் பற்றி எழுதேலாது. பென்சன் எடுத்த சேர் ஒருத்தர், கணக்குப் படிப்பிச்சவர், 1982 இல வில்லா ஐரோப்பியக் கிண்ணம் வெண்டதை அடுத்த நாள் காலமை ரேடியோவில கேட்டு அந்த நாளில இருந்து வில்லா. றொட்டர்டாம்ல பயேர்ன் மியூனிக்கோட 1-0, பீற்றர் வித் அடிச்ச கோல், பத்து நிமிசத்துக்குள்ள கோலி ரிமருக்கு ஏலாமப் போக நைஜல் ஸ்பிங்க் எண்ட பெடியன் வந்து மிச்சம் முழுக்கக் காத்தவன், அது அவன் முதல் டீமுக்கு விளையாடின ரெண்டாவது மேட்ச். இந்தக் கதையை சேர் எனக்கு நூறு தரம் சொல்லியிருப்பார், நூறு தரமும் நான் முழுசாக் கேட்டிருக்கிறன். சேர் ஃபோன் வச்சிருக்கேல்ல, "என்ன நிலைமை" எண்டு கேப்பார், நான் சொல்லுவன்.

அந்தக் காலத்திலதான் அடியும் விழுந்தது. 2018 மே, மேல் லீக்குக்கு ஏறுறதுக்கான பிளே ஓஃப் ஃபைனல்ல ஃபுல்லமிட்ட 1-0, டொம் கேர்னி அடிச்ச கோல். அது தோத்த கையோட காசு இல்லை எண்டு தெரிய வந்தது, 2016 இல வேண்டின சீன முதலாளி டொனி சியாவால வரி கட்டக் கூட ஏலாமப் போச்சு, கிளப்பே மூடுப்படுற நிலைமை, ஜக் கிரீலிஷை டொட்டன்ஹாமுக்கு வித்துத்தான் ஆக வேணும் எண்டு கதை. ஆறு வயசில இருந்து வில்லாவில இருந்த ஆள் அவன், அவன்ட பூட்டனுக்கும் முந்தின தலைமுறையில பில்லி கரட்டி எண்டு ஒருத்தர் 1905 இல வில்லாவோட எஃப்ஏ கப் வெண்டவர். ஜூலையில எகிப்துக்காரர் நசெஃப் சவிரிஸும் அமெரிக்கன் வெஸ் ஈடன்ஸும் வந்து கிளப்பை எடுத்தவை, கிரீலிஷ் தப்பினான், கிளப்பும் தப்பினது. ஒக்ரோபர்ல பிரெஸ்டனோட 3-3, கடைசி நேரப் பெனால்ட்டியையும் விட்டாங்கள், அண்டைக்கு ஆரோ ஒரு ரசிகன் மனேஜர் ஸ்டீவ் புரூஸுக்கு கோவா (முட்டைக்கோஸ்) ஒண்டை எறிஞ்சவன், முழுக் கோவா. அண்ணை அதைக் கேட்டிட்டு முகம் மாறிப் போனார். ஒரு மனுசன்ட தாய் தேப்பன் ரெண்டு பேரும் செத்த வருசம் அது, அவருக்கு அப்பிடி எறியிறதா எண்டு. எனக்கும் புரூஸ் வேண்டாம் எண்டுதான் இருந்தது, ஆனா அண்ணை சொன்ன பிறகு நான் அவரைப் பற்றி ஒரு வார்த்தை கூடாமக் கதைக்கேல்ல.

புரூஸ் போய் டீன் ஸ்மித் மனேஜரா வந்தவர். வில்லாக் குடும்பத்துப் பிள்ளை, அவர்ட தேப்பன் வில்லா பார்க்கில ஆக்களை இருத்திற வேலை செய்தவர், அப்ப மறதி நோயில இருந்தவர். 2019 மார்ச்ல தொடங்கித் தொடர்ந்து 10 வெற்றி, கிளப்பின்ர சாதனை. சேர் ஒவ்வொரு வெற்றிக்கும் கலண்டர்ல ஒரு கோடு போட்டவர், கடைச் சுவர்ல தொங்கின கலண்டர், அக்கா அதை இன்னும் கழட்டேல்ல, போனா பாருங்கோ. மே 27 வெம்பிளியில டேபியோட திரும்பவும் பிளே ஓஃப் ஃபைனல். ஈஸ்டர் ஞாயிறுக் குண்டுவெடிப்பு நடந்து ஒரு மாசம்தான், இரவில ரோட்டில சனமே இல்ல, ஆக்கள் வேளைக்குக் கடை பூட்டிக்கொண்டு போயிடுவினம். அண்ணை கதவைச் சாத்திப்போட்டு உள்ளுக்க எங்கள இருத்தினார். ஏழரைக்குத் தொடக்கம். எல் கசி ஒண்டு, ஜோன் மக்கின் ஒண்டு, டேபி ஒண்டு அடிச்சுக் கடைசிப் பத்து நிமிசமும் மூச்சு விட விடேல்ல, 2-1. சேர் எழும்பி நிண்டார், கதைக்கேல்ல, வேட்டிச் சால்வையால முகத்தைத் துடைச்சார். அண்ணை போய்க் கல்லைத் திரும்பப் பத்த வச்சு எங்கள் நாலு பேருக்கும் தன்ட கையால கொத்துப் போட்டவர். கன வருசத்துக்குப் பிறகு அவர் தகடு தூக்கினது அண்டைக்குத்தான். ருசி அண்டைக்கே தெரிஞ்சது, கடை திரும்பி வருது எண்டு.

கட்டார் போன ஆள் திரும்பி வரேல்ல. அக்காதான் குசினியை எடுத்தவ. காலமை நாலரைக்கு மா பிசைஞ்சு வச்சிட்டு அரை நாள் ஊற விடுவா, எண்ணெய் ஒரு தரம் பாவிச்சதைத் திரும்ப எடுக்காயினம், கணவாய் வேண்ட அவவே போவா. பெரிய வித்தை ஒண்டும் செய்யேல்ல, பிழைச்சு நிண்ட சின்னச் சின்ன வேலையள் எல்லாத்தையும் திருத்தினவ. 

மேல வந்த பிறகும் லேசா இருக்கேல்ல. 2019-20 சீசன் கடைசி நாள் வெஸ்ட் ஹாமோட, 84 ஆம் நிமிசம் கிரீலிஷ் அடிச்சான், நாங்கள் துள்ளி முடிய முதல் அவங்கள் திருப்பி அடிச்சிட்டாங்கள், 1-1, 35 புள்ளி, ஒரே ஒரு புள்ளியில தப்பினது. கொரோனாக் காலம், ஆளில்லாத மைதானம், கதிரையளை அண்ணை தூரத் தூரப் போட்டிருந்தவர். அடுத்த சீசன் ஒக்ரோபர் 4, லிவர்பூல் நடப்புச் சம்பியன், 7-2, வட்கின்ஸ் மட்டும் மூண்டு. அந்த ஸ்கோரை நான் எத்தினை தரமும் எழுதுவன், 7-2. கடையில லிவர்பூல்காரர் ஏழு எட்டுப் பேர் இருந்தவை, நான் மேசையில அடிக்கேல்ல, அண்ணை 2012 இல செய்ததை நினைச்சு ஒரு லிவர்பூல் பெடியனுக்கு பிளேன்டீ சொன்னனான்.

2021 இல கிரீலிஷ் 100 மில்லியன் பவுணுக்கு மன்செஸ்டர் சிற்றிக்குப் போனான். எனக்கு அவனில கோவம் இல்ல, கீழ லீக்கில மூண்டு வருசம் நிண்டு எங்கள மேல கொண்டு வந்து விட்டிட்டுத்தான் போனவன். ஆனா அந்தக் காசில வேண்டின ஆக்கள் உடன எடுபடேல்ல, ஸ்மித்தை நிப்பாட்டி ஜெரார்டைப் போட்டு அதுவும் சரிவரேல்ல. அதே நேரம் இங்க 2022. காஸ் இல்ல, பெற்றோல் கியூ, மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்ல. கன கடையள் பூட்டினது. அக்கா பின்வளவில மூண்டு கல்லு வச்சு விறகில சமைச்சவ, டீவி ஓடாது, பாணும் பருப்பும்தான், அதையும் விலை கூட்டாமக் குடுத்தவை. சேர் அந்த மாசங்கள் முழுக்க பின்னேரம் வந்து இருட்டில இருந்து ஸ்கோர் கேப்பார், ஃபோன்ல சார்ஜ் இருந்தா சொல்லுவன்.

2022 நவம்பர்ல உனாய் எமரி மனேஜரா வந்தவர். ஆசனல் வேண்டாம் எண்டு அனுப்பின ஆள், சம்பியன்ஸ் லீக்குக்கு அடுத்த ஐரோப்பியப் போட்டியான யூரோப்பா லீக் நாலு தரம் வெண்ட ஆள், செவிய்யாவோட மூண்டு, வியாரியலோட ஒண்டு. முதல் மேட்ச் நவம்பர் 6, மன்செஸ்டர் யுனைட்டடை 3-1. வில்லா பார்க்கில லீக் மேட்ச் ஒண்டில யுனைட்டடை வெண்டது 1995 க்குப் பிறகு அதுதான் முதல் தரம், நான் பிறக்க முதல் நடந்ததைத் திரும்ப நான் பாத்தன். கீழ போகப் போற டீம் ஏழாம் இடத்தில முடிச்சது. எமரி என்ன செய்தவர் எண்டு கேட்டா, புது ஆக்களைக் கொண்டு வந்து குவிக்கேல்ல முதல்ல, இருந்த மக்கின், வட்கின்ஸ், கொன்சா, மார்ட்டினஸ் இவேயையே வச்சு ஆர் எங்க நிக்க வேணும் எண்டு சொல்லிக் குடுத்தவர். பின் லைனை மேல ஏத்தி விட்டு எதிர் டீமை ஓஃப்சைட்ல பிடிக்கிற அந்த முறை, பாக்க நெஞ்சு இடிக்கும், ஆனா வேலை செய்தது. 2023 டிசம்பர்ல நாலு நாளைக்குள்ள சிற்றியையும் ஆசனலையும் 1-0, 1-0. அந்த சீசன் நாலாம் இடம், 68 புள்ளி, சம்பியன்ஸ் லீக்.

இனி 2024 ஒக்ரோபர் 2. எங்களுக்கு 3 ஆம் திகதி விடியப்புறம் பன்னிரண்டரை. வில்லா பார்க்கில பயேர்ன் மியூனிக். சேருக்கு இப்ப எண்பதுக்குக் கிட்ட, கண் தெரியிறது குறைவு, மகள் இரவில வெளிய விடமாட்டா. பதினொண்டே முக்காலுக்குக் கதவு தட்டுப்பட்டது, திறந்தா சேர், கையில டோச், மகளும் பின்னால. "82 இல நான் ரேடியோவில அடுத்த நாள்தான் கேட்டனான், இந்த முறை நடக்கக்கயே பாக்க வேணும்" எண்டவர். அக்கா டீவிக்கு நேர கிட்டக் கதிரை போட்டவ. 79 ஆம் நிமிசம், டுரான் எண்ட இருவது வயசுப் பெடியன் மாற்று ஆளா உள்ள வந்து பத்து நிமிசம்கூட இல்ல, கோலி நோயர் முன்னுக்கு வந்து நிக்கிறதைப் பாத்து எட்டவே இருந்து தூக்கிப் போட்டான். பந்து போய்க்கொண்டே இருக்கு, கடையில ஒரு சத்தம் இல்ல, பிறகு வலை. 1-0. அதே டீம், அதே ஸ்கோர். கடைசியில எங்கட கோலி மார்ட்டினஸ் ரெண்டு மூண்டைத் தடுத்தான், சேர் ஒவ்வொருக்காவும் "ஸ்பிங்க், ஸ்பிங்க்" எண்டுதான் கத்தினவர். விசில் அடிச்ச பிறகு நாங்கள் ஒருத்தரும் எழும்பேல்ல, அக்கா பிளேன்டீ கொண்டு வந்தா, ரெண்டு மணிக்கு மேல கடல் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டு நாங்கள் இருந்து குடிச்சம்.

காலிறுதியில பாரிஸ் சென் ஜேர்மன். அங்க 1-3. வில்லா பார்க்கில திரும்ப விளையாடின அண்டு எங்கட கலண்டர்ல 2025 ஏப்ரல் 16. கீழ லீக்குக்கு விழுந்த அதே திகதி, ஒன்பது வருசம், திரும்பவும் வருசப் பிறப்புக் கிழமை, திரும்பவும் அக்காட பயத்தம் பணியாரம். அரை மணித்தியாலத்துக்குள்ள 0-2, மொத்தமா 1-5. அதில இருந்து ட்டீலெமன்ஸ், மக்கின், கொன்சா எண்டு மூண்டு அடிச்சு 3-2, இன்னொண்டு அடிச்சா சமன், அவங்கட கோலி டொனறும்மா மட்டும் அண்டைக்கு இல்லாட்டி. மொத்தத்தில 4-5, வெளியில. அந்தப் பாரிஸ்தான் கடைசியில கிண்ணத்தையும் எடுத்தது. தோத்த மேட்ச்தான், ஆனா அண்டைக்குப் பணியாரம் நான் அஞ்சு சாப்பிட்டன். மே மாசம், சீசன்ட கடைசி நாள், யுனைட்டட்டிட்ட 2-0 தோத்து, ரோஜர்ஸ் அடிச்ச கோலுக்கு முதல் ரெஃப்ரி விசில் ஊதினபடியால் அதுவும் இல்லாமப் போய், கோல் வித்தியாசத்தில சம்பியன்ஸ் லீக் கைவிட்டுப் போச்சு. அந்த விசில் எனக்கு இன்னும் ஆறேல்ல. யூரோப்பா லீக்தான் கிடைச்சது.

சரி, போக நினைக்கிற ஆக்களுக்கு. குறை இருக்கு, மறைக்கேல்ல. டொய்லட் பின்வளவில, இரவில லைட் இல்ல, ஃபோன் வெளிச்சத்தில போக வேணும், அதைத் திருத்தச் சொல்லி நான் அண்ணையிட்ட ரெண்டு வருசமாச் சொல்லிக்கொண்டு இருக்கிறன். பின்னேர வெயில் நேர டீவியில விழும், அஞ்சு மணி மேட்ச் எண்டால் இடப்பக்கம் இருங்கோ. பொம்பிளைப் பிள்ளையள் வந்து இருந்து பாக்க வசதி முந்தி இருக்கேல்ல, என்ட தங்கச்சி கேட்ட பிறகு அக்கா குசினி வாசலடியில ஒரு வாங்கு போட்டிருக்கிறா, டீவி வடிவாத் தெரியும், இப்ப சனிக்கிழமையில நாலைஞ்சு பிள்ளையள் வருவினம், ஆனா அது காணாது, முன்னுக்கும் இடம் விட வேணும். காட் எடுக்காயினம், சில்லறை கொண்டு போங்கோ. பெனால்ட்டி நேரம் கொத்துக் கேக்காதேங்கோ, அண்ணை தகட்டைக் கீழ வச்சிடுவார், அடிச்சு முடியும்வரைக்கும் உங்கட சாப்பாடு வராது. விடியப்புற மேட்ச் எண்டால் கதவு சாத்தித்தான் இருக்கும், தட்டினா திறப்பினம்.

ஆர் வந்தாலும் எங்க வேணுமெண்டாலும் இருக்கலாம், எந்த டீம் எண்டாலும் சரி. தூணடிக் கதிரையில மட்டும் இருக்காதேங்கோ, அது சேர்ட.